கொல்லிமலையில் காட்டுக்கு எதிரி மாடா?

கேள்வி: அமேசானில் மாடு வளர்க்கக் காட்டை அழிக்கிறார்களாம். நம் கொல்லிமலையிலும் அப்படியா?
– ஒரு வாசகர், சேந்தமங்கலம்

பதில்: அமேசானில் அழிந்த காட்டின் பெரும்பகுதி மாட்டிறைச்சிக்கான மேய்ச்சல் நிலமானது உண்மைதான். ஆனால் இங்கே மாட்டின் மேல் பழி போடக் கூடாது. கொல்லிமலையை மாற்றியது மரவள்ளிக் கிழங்கு. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் ரொக்கம் கொடுத்தன. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில் கிழங்கு ஏறியது. பிடுங்கும்போது மண் இளகும். சரிவில் அடுத்த மழையே அதை அடித்துச் செல்லும். அங்குள்ள மலையாளிப் பழங்குடி விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறது. சிறுதானியங்களை மீட்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே உழைக்கிறது. நீங்கள் மலையடிவாரத்துக்காரர், மலைச் சாமையைக் கேட்டு, நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள்.