ஒட்டுத்துணி விரிப்பில் கைப்போக்குத் தையல்

குயில்ட் விரிப்பின் அடுக்குகளை இணைக்கும் முறைகளுள் ஒன்று கைப்போக்குத் தையல். இதில் துணியை நகர்த்துவது இயந்திரமன்று, தைப்பவரின் கைகளே. பயில்வோருக்கு ஒட்டுத்துணிகளாலான குழந்தை விரிப்பே ஏற்றது. அதன் அளவு சிறிது. பல வண்ணங்களிடையே கோணல் தையல் கண்ணை உறுத்தாது.

பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துண்டுகளை இணைத்து, 36 அங்குலச் சதுரமாக்குங்கள். அடித்துணி, பஞ்சு விரிப்பு, மேல்துணி மூன்றையும் அடுக்கி, ஊக்குகளை எண்ணிக் குத்துங்கள்.

இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பற்களைத் தாழ்த்தி, எம்பிராய்டரிக்குரிய பாதத்தைப் பொருத்துங்கள். பாபின் நூலை மேலே இழுத்து, நான்கைந்து நுண்தையல் இட்டபின், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஆற்றின் வளைவுபோலச் செல்லுங்கள். கை விரைந்தால் தையல் நீளும். தயங்கினால் நூல் குவியும். கையின் வேகமும் மிதியின் வேகமும் ஒத்துப்போவதே இதன் பாடம். முதல் வரிகள் சீரற்றிருப்பது இயல்பு. அவற்றைப் பிரிக்காது தொடருங்கள்.

இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை தோள்களைத் தளர்த்துங்கள். விரல் மரத்துப்போனவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக.

முடித்தபின் ஊக்குகளை மீண்டும் எண்ணி, விரிப்பைத் துவையுங்கள். ஓராண்டு நிறையாத குழந்தை உறங்குமிடத்தில் இதனை இடலாகாது. முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும். விழித்திருக்கும் வேளையில், பெரியவர் அருகிருக்க, தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புற விளையாட விடுங்கள். உங்கள் கை பழகிய விரிப்பிலேயே குழந்தையும் தலைநிமிர்த்தப் பழகும்.