தறி வீட்டில் மச்சை அறையாக்கப் போகிறவர்களுக்கு

ஆரணியில் நெசவு வீடு என்றால் கூடத்தில் பாதி தறிக்குப் போய்விடும். சமையல், படுக்கை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் மீதிப் பாதியில்தான். குடும்பம் பெருகி இடம் நெருக்கினால் முதலில் வெளியே போவது தறிதான். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இந்தக் கூடங்களில் பிறக்கிறது. அதனால்தான் ஓட்டுக்கு அடியில் சும்மா கிடக்கும் மச்சை அறையாக்க நினைக்கும் இளையவர்களைக் கண்டால் எனக்கு நிறைவாக இருக்கிறது. முதன்முறை இந்த வேலையில் இறங்கும் தம்பி, தங்கைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. தறி கீழேயே இருக்கட்டும், மனிதர்கள் மேலே போகட்டும். 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பிரான்சிலிருந்து குடியேறிய பட்டு நெசவாளர்கள் கூரையடியில் நீளமான ஜன்னல் வைத்துத் தறி போட்டார்கள். அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சம். நமக்குப் பஞ்சம் குளிர்ச்சிக்கு. குழித்தறியின் ஈரம் இழையைக் காக்கும்; ஓட்டடியின் காய்ச்சலில் இழை அறும். ஜக்கார்டு பிறந்த லியோன் நகரில் தறிக்காகவே சுமார் 4 மீட்டர் உயரத்தில் கூடம் கட்டி, அதற்குள் பலகைப் பரண் போட்டுக் குடும்பம் படுத்துக்கொண்டது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வழி அதுதான்.

2. உயரத்தை இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். கீழே, தறி ஓடும்போது ஜக்கார்டு பெட்டியும் அட்டைகளும் எவ்வளவு இடம் எடுக்கின்றன என்று பாருங்கள். பழுது பார்க்க ஆள் ஏறி நிற்கவும் இடம் விடுங்கள். அந்த மட்டத்துக்குக் கீழே மச்சுத் தரையை இறக்கக் கூடாது. மேலே, சாய்கூரை அறைக்குச் சராசரி 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நம் மச்சுகள் பலவற்றில் அது கிடைக்காது. சுவரை உயர்த்த வசதியில்லை என்றால் தார் சுற்றவும், பகலில் உட்கார்ந்து வேலை பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும்போது நூலையும் சரிகையையும் ஏற்றி வைக்க அந்த மச்சு பெரிய துணை.

3. மரத்தைத் தட்டிப் பார்க்காமல் ஒரு பலகைகூட வாங்காதீர்கள். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் முதலில் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே அழுத்துங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் அந்த மரத்தை நம்ப வேண்டாம்.

4. பாரத்தைக் கணக்குப் போடுங்கள். குடியிருக்கும் அறைத் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. 10க்கு 10 அடி அறைக்கு அது ஏறத்தாழ 1,850 கிலோ. அண்டா குண்டான் வைக்கப் போட்ட மச்சு அதைத் தாங்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். புது உத்திரம் தேவைப்பட்டால் அதன் தூண் தறிக்குழி ஓரத்தில் வரக் கூடாது.

5. அறையின் தலையெழுத்து வெப்பத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஓட்டடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று தானே தெரியும். சூடான காற்று மோட்டுக்கு ஏறும். அங்கே அது வெளியேற வழியும், இறவாணப் பக்கம் புதுக்காற்று நுழைய வழியும் வையுங்கள். 1865இல் பாசல் மிஷன் ஆலை போட்ட காலத்திலிருந்து பரவிய மங்களூர் ஓட்டின் நல்ல குணமே அதன் இடுக்குகளில் காற்று கசிவதுதான். அவற்றைச் சிமென்ட் பூசி அடைக்காதீர்கள். ஓட்டுக்குக் கீழே ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி விட்டுப் பளபளப்புத் தாள் கட்டி, அதற்கடியில் உள்கூரை போடுங்கள். நம் தெருக்களில் பக்கச் சுவர் அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கும். ஆகவே ஜன்னல் தெருப்பக்கமும் முற்றப்பக்கமும்தான். கண்ணாடி ஓடு வேண்டுமானால் வடக்குச் சாய்வில் போதும். ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடும் யோசனை வேண்டவே வேண்டாம்.

6. மச்சுத் தரையில் ஒரு தூசிகூடக் கீழே இறங்கக் கூடாது. பழைய பலகை இடுக்கில் விழும் மண்ணும் முடியும் நேரே பாவின்மேல் உட்காரும். பலகைகளை நாக்கும் பள்ளமுமாகக் கோத்துப் போடுங்கள். மேலே விரிப்பு ஒட்டுங்கள். தறிக்கு நேர் மேலே குளியலறை, தண்ணீர்க் குடம், கூலர் எதுவும் வேண்டாம். பட்டில் விழுந்த தண்ணீர்க் கறைக்குக் கூலியில்தான் கழிப்பார்கள்.

7. ஏணியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், மிதிக்கும் அகலம் 25க்குக் குறையாமல், ஒரு பக்கமாவது கைப்பிடியோடு கட்டுங்கள். பாட்டி ஏற முடியாத அறை பாதி அறைதான்.

8. மேல் அறைக்கு மின் கம்பியைத் தனியாக இழுங்கள், கசிவுக்கு அணையும் பிரேக்கரோடு. கைத்தறிச் சலுகை இணைப்பில் ஏசியைச் சேர்க்காதீர்கள். உயரம் குறைந்த அறைக்குச் சுவர் விசிறியே பத்திரம்.

9. பொதுச்சுவரில் கை வைக்குமுன் பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். சுவரையோ கூரையையோ உயர்த்துவதானால் நகராட்சி அனுமதி வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

10. ஓடு பிரிக்க மாசி, பங்குனிதான் காலம். பாவு முடிந்து, அடுத்த பாவு பிணைக்கும் முன் பிரியுங்கள். தறியை முழுதாகப் போர்த்துங்கள். கையில் காசு குறைவாக இருந்தால் மரத்துக்கும் காற்று வழிக்கும் முதலில் செலவிடுங்கள். பெயின்ட்டும் அலமாரியும் அடுத்த வருஷம் வரட்டும். வீட்டில் இடம் இருந்தால் தறியை விற்கும் பேச்சே எழாது. அதற்காகவாவது அவசரப்படாமல் செய்யுங்கள்.