பந்து முதலில், வாளி பிறகு

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 35 பேருக்குத் தாளம் சொல்லித்தர ஆசைப்பட்டு, காலி பெயின்ட் வாளிகளும் பழைய டென்னிஸ் பந்துகளும் சேர்த்தேன். வாளியைக் கொடுத்ததுமே ஒரே இரைச்சல். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை. எனக்குச் சங்கீதப் பயிற்சியும் கிடையாது. எப்படித் தொடங்குவது?
- ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: உங்களிடம் இருக்கும் பொருள்களே போதும், வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் வாய், அடுத்து பந்து, கடைசியில் வாளி. சீரான காலப்பிரமாணம், அதாவது மாறாத வேகம், உடம்பில் பதியும் முன்பே வாளியையும் குச்சியையும் கொடுத்தால், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஓடும். இரைச்சல் அதனால்தான் வருகிறது.

ஜெனீவா இசைக் கல்லூரியில் கற்பித்த எமில் ஜாக்-டால்குரோஸ் (1865-1950), வாசிக்கத் தெரிந்த மாணவர்களுக்கே காலம் நிற்காததைக் கவனித்தார். அவர்களை நடக்கவும் அசையவும் வைத்துத் தாளத்தைக் கற்பித்தார். அந்த வழியில் வந்த வகுப்புகளில் பந்துக்கு இன்றும் இடம் உண்டு.

காரணம், பந்து அவசரப்படாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பந்து தரையைத் தொட அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பிள்ளை அதற்காகக் காத்திருந்தே தீர வேண்டும். அந்தக் காத்திருப்புதான் பாடம். டென்னிஸ் பந்து, விட்ட உயரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் எழும்பும். அதனால் லேசாக அழுத்தி விடச் சொல்லுங்கள். சிமென்ட் தரை வேண்டும், மண்ணில் எழும்பாது.

சங்கீதம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு உங்களைக் காப்பாற்றும். முதலில் எல்லோரும் கைதட்டி 'தகதிமி' சொல்லட்டும். பிறகு பந்து: தரையில் படும்போது 'தக', கையில் வரும்போது 'திமி'. இப்படி நான்கு முறை விட்டுப் பிடித்தால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை வந்துவிடும். அது நிலைத்ததும் வட்டமாக உட்கார்ந்து 'தகிட': விடு, பிடி, பக்கத்தில் கொடு. மூன்றின் நடை எப்படி என்று பிள்ளைகளே உணர்வார்கள். இரண்டும் மூன்றும் சேர்ந்தால் 'தகதகிட', ஐந்து.

காலம் பதிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 'தகதிமி'யை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லட்டும். மூன்றாம் முறை மனசுக்குள். நான்காம் முறை 'த'வில் ஒரே ஒரு தட்டு. 35 கைகளும் ஒரே இடத்தில் விழுந்தால் வாளியை எடுக்கலாம்.

வாளியை நன்றாகக் கழுவிக் கவிழ்த்து, ஒரு விளிம்பைப் பாதத்தின் மேல் சற்று உயர்த்தி வையுங்கள், ஓசை திறக்கும். நடுவில் அடித்தால் கனத்த ஓசை, விளிம்பில் கூர்மையான ஓசை. 'த'வை நடுவிலும், 'கதிமி'யை விளிம்பிலும் வாசிக்கட்டும். வாயில் சொல்ல வராததைக் கையில் வாசிக்க விடாதீர்கள்.

சத்தத்துக்கு: குச்சி நுனியில் துணி சுற்றுங்கள். பத்துப் பேர் வாளியில், மற்றவர்கள் பந்திலும் வாயிலும், முறை மாற்றுங்கள். முடிந்தால் வகுப்பறையை விட்டு, சிமென்ட் தரை உள்ள வெளியிடத்துக்குப் போங்கள். நீங்கள் கை உயர்த்தினால் குச்சிகள் தோளுக்குப் போக வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள். நிறுத்தத் தெரிவதும் தாளத்தின் பகுதிதான்.

தடுமாறும் பிள்ளையைத் தனியே நிறுத்தித் திருத்தாதீர்கள். காலம் நிற்கும் இருவருக்கு நடுவில் உட்கார வையுங்கள். உடம்பு தானே பிடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டு வாரம் வாளிகளை அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பந்தும் வாயும் போதும். இசை ஆசிரியர் வரும்வரை பிள்ளைகளைக் காக்க வைக்காமல், நாளைக்கே தொடங்குங்கள்.