கிணற்றிற் பங்கு



வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பழைய காணி உறுதியை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். இத்தனை பரப்பு, வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை என்று எல்லை சொல்லி முடிந்த இடத்தில், யாழ்ப்பாணத்து உறுதிகள் பலவற்றில் இன்னொரு வரியும் காணப்படும். அயற்காணியில் உள்ள கிணற்றிற் பங்கும், அதற்குப் போகும் வழியும், வாய்க்காலும் உமக்கு உண்டு என்பதே அது. நிலத்தை வேலி போட்டுப் பிரித்த எம் முன்னோர் தண்ணீரை அவ்வாறு பிரிக்கவில்லை. அதிற் பங்கு வைத்தார்கள்.

இறைவன் தந்த கொடைகளுக்கு நாம் சொந்தக்காரர் அல்லர், பொறுப்பாளிகளே என்பதைப் புனித இராயப்பர் தமது முதல் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டதும் திறமையும் நேரமும் காணிக்கைத் தட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. (காணிக்கைத் தட்டை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.) கிணற்றுத் தண்ணீர் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. அதையே வருடம் முழுவதும் அள்ளுகிறோம். அந்த நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உப்புநீரின் மேல், பாரம் குறைந்ததால் மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறைந்தாலோ, காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும்.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதன் களைத்துப் போவான். அவன் இளைப்பாறும் நேரத்தில் கிணறு ஊறும். மிசின் களைப்பதில்லை. ஒருவர் தம் வளவில் ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்து நாள் முழுதும் இறைத்தால், ஏறும் உப்பு அவருடைய வேலியோடு நின்றுவிடுமா? பக்கத்து வளவு விதவையின் கிணற்றையும் அது தேடிப் போகும். அவர் யாருடைய பொருளையும் களவெடுக்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்பத்தின் குடிநீர் போய்விட்டது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பசளையின் கதையும் இப்படித்தான். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியாவை, தண்ணீர் மண்ணுக்குள் கழுவிச் செல்கிறது. அது நைத்திரேற்றாகக் கிணற்றில் சேருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டச் செய்கை மிகுந்த வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேலும் கண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்து, பிள்ளையை நீலம் பாரிக்கச் செய்யலாம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று எண்ணாதீர்கள். நீர் வற்ற வற்ற அது செறிவாகுமே தவிரக் குறையாது.

சமாரியப் பெண் யேசுவோடு பேசியது ஒரு கிணற்றடியில். அந்தக் கிணறு தங்கள் தந்தை யாக்கோபு தந்தது. அவரும் மக்களும் மந்தைகளும் அதிலேயே குடித்தார்கள் என்று அவள் பெருமையாகச் சொல்கிறாள் (அருளப்பர் 4). எத்தனையோ தலைமுறை கடந்தும் அது குடிக்கத்தக்க கிணறாக இருந்தது! ஈசாக்கின் கதையோ வேறு. ஆபிரகாம் காலத்துக் கிணறுகளைப் பொறாமையால் மண் போட்டு மூடிவிட்டார்கள். ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டி, தகப்பன் இட்ட பெயர்களையே இட்டான் (ஆதியாகமம் 26). போரினால் இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் காணிக்குத் திரும்பிய எம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பற்றை வெட்டியதும் அவர்கள் கைவைத்தது கிணற்றில்தான்.

பொருள் நம்முடையதாயினும் அதன் பயன் பிறருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது. சுத்தமான குடிநீர் ஒவ்வொரு மனிதனுக்கும் அடிப்படை உரிமை என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தமது சுற்றுமடலில் எழுதினார். இன்றோ, பங்குக்காரர் கனடாவில். கிணற்றடிப் படலைக்குப் பூட்டு. சொந்தக் கிணறு உவராகிப்போன அயலவர் குடத்தோடு ஒழுங்கையில் நிற்கிறார். திறப்பு உங்கள் கையிலிருந்தால் இன்றைக்கே பங்குக்காரருக்குத் தொலைபேசி எடுத்துப் பேசுங்கள். மாரி தொடங்குமுன் கூரைத் தண்ணீரை ஒழுங்கைக்கு விடாமல் வளவுக்குள்ளேயே தாழவிட வழி செய்யுங்கள். கிணற்று நீரைப் பரிசோதிப்பது எப்படி என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

இன்னொன்று. புதுவீடு மந்திரிக்கப் போனால், "சுவாமி, கிணற்றுக்கும் தீர்த்தம் தெளியுங்கோ" என்று கூட்டிப் போவார்கள். தெளித்துவிட்டுத் திரும்பினால் சில பாகம் தள்ளி, அடி கட்டாத மலகூடக் குழி. வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல்லில் அந்தக் கழிவு எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமா? இனி மந்திரிக்க அழைப்பவர்களிடம் முதலில் குழி எங்கே என்றுதான் கேட்கப் போகிறேன். கோபிக்க வேண்டாம்.