கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால்?

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்து ஆறு நாளாகிறது. வாயெல்லாம் புண். தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது என்கிறார். காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறையும். அப்போது உடம்பில் கிருமி புகுந்திருப்பதற்குக் காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். மாத்திரை அதை மறைத்துவிடும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்பது ஆபத்து. சிகிச்சை ஃபைலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு, சமையல் சோடா தலா ஒரு டீஸ்பூன் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். பல் துலக்க மிருதுவான பிரஷ் போதும். காரமும் புளிப்பும் கொஞ்ச நாள் வேண்டாம்.

சூடான சாப்பாட்டில்தான் வாசனை தூக்கலாக இருக்கும். அதனால் குழைந்த சாதத்தையும் இட்லியையும் ஆறவைத்து, அப்போதே சமைத்ததாக, இரண்டு மணிக்கொரு தடவை நாலு வாய் கொடுங்கள். குமட்டல் மாத்திரையை, வாந்தி வரும்வரை காத்திராமல் எழுதிக்கொடுத்த நேரத்திலேயே கொடுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லையென்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கீமோவுக்குப் பின் முதல் 48 மணி நேரம் வாந்தி, சிறுநீரைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். அம்மாவைக் கட்டிப்பிடிக்க மட்டும் எந்தக் கையுறையும் வேண்டாம்.