என்கிளெக்ஸ்-பிஎன் எழுதப் போகிறீர்களா?

அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ் உரிமத்துக்கான இந்தத் தேர்வில் கேள்விகள் 85 முதல் 150 வரை வரும். தேர்வுக்கு 5 மணி நேரம். உங்கள் விடைகளைப் பார்த்தே கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. கேள்வி கடினமாகிக்கொண்டே போனால் கலங்காதீர்கள், அது பெரும்பாலும் நல்ல அறிகுறிதான். விடையளித்த கேள்விக்குத் திரும்ப முடியாது. ஆகவே வீட்டுப் பயிற்சியிலும் பின்னால் போய்த் திருத்தாதீர்கள்.

மனப்பாடம் மட்டும் இங்கே கைகொடுக்காது. 'யாரை முதலில் கவனிப்பீர்கள்?' என்று கேட்டால் மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசையில் யோசியுங்கள். நாட்பட்ட வலியோடு இருப்பவரைவிடத் திடீரென மூச்சுத் திணறுபவரே முதலில். தவறிய கேள்விகளுக்குத் தனி நோட்டுப் போட்டு, ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதுங்கள். நூறு கேள்விகளை ஓட்டமாக முடிப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும் என்பேன்.

மருந்தளவுக் கணக்கைத் தினமும் போடுங்கள். 250 மி.கி. மாத்திரையில் 500 மி.கி. கொடுக்க 2 மாத்திரை. இதுபோல எளியதிலிருந்து தொடங்கலாம்.

தேர்வுப் பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.