கம்ப்யூட்டர் காதில் விழும் ஆங்கிலம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வாய்ஸ் டைப்பிங்கைச் சோதித்துவிட்டு என்னிடம் சொல்லும் புகார் ஒன்றுதான்: "நான் சொன்னது ஒன்று, அது டைப் செய்தது வேறொன்று!" உடனே புது மைக் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பல சமயம் கோளாறு மைக்கில் இல்லை, ஒலியனில் இருக்கிறது.

அதென்ன ஒலியன்? ஓர் ஒலியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் சொல்லின் பொருளே மாறுகிறது என்றால், அவை இரண்டும் தனித்தனி ஒலியன்கள். ஆங்கிலத்தில் குண்டூசியும் 'பின்', குப்பைத் தொட்டியும் 'பின்'. முதல் ஒலி மட்டும்தான் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, பாருங்கள்! 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வன்மையாகவும், 'ம்' எழுத்தை அடுத்து வரும் 'ப' மென்மையாகவும் ஒலிக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஒலியன்தான். அதனால் ஓர் எழுத்தே போதும்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. ஆங்கிலேயர் குண்டூசி 'பின்' சொல்லும்போது உதட்டிலிருந்து குப்பென்று காற்று வரும். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால் அது படபடக்கும். நாம் சொன்னால் பெரும்பாலும் அசையாது. காற்று இல்லாததால் அவர்கள் காதில் அது குப்பைத் தொட்டியாக விழக்கூடும். அவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகிய புரோகிராமும் அப்படியே ஏமாறலாம். வேடிக்கை என்னவென்றால், 'ஸ்பின்' என்னும்போது அவர்களுக்கும் காற்று வராது!

விண்டோஸ் 11 உள்ளவர்கள் இன்டர்நெட் இணைப்புடன் நோட்பேடைத் திறந்து, மொழியை ஆங்கிலமாக வைத்து, விண்டோஸ் கீயுடன் எச் கீயை அழுத்துங்கள். குண்டூசி 'பின்', கழுத்து 'டை', குளிருக்குப் போடும் 'கோட்' ஆகியவற்றைக் காற்றோடும் காற்றில்லாமலும் சொல்லிப் பாருங்கள். கோட் ஆடாக மாறினால் ஆச்சரியப்படாதீர்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்துப் புரோகிராம் ஊகித்துக்கொள்ளும்; ஒற்றைச் சொல்லில்தான் அதிகம் தடுமாறும்.

ஆங்கில எழுத்துகள் 26தான். பிரிட்டன் உச்சரிப்பில் ஒலியன்களோ சுமார் 44. ஸ்பெல்லிங்கை நம்பி உச்சரித்தால் சறுக்குவது இதனால்தான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் உச்சரிப்பு அகராதி, அமெரிக்க ஆங்கிலத்தை 39 ஒலியன்களில் அடக்கி, 1,34,000 சொற்களுக்கு மேல் உச்சரிப்பு காட்டுகிறது. ஆனால் அதில் எல்லாம் குறியீடுதான். புதியவர்களுக்கு ஸ்பீக்கர் படம் போட்ட ஆன்லைன் டிக்ஷனரியே நல்லது. கிளிக் செய்து, கையில் அந்தக் காகிதத்தோடு கூடவே சொல்லிப் பழகலாம்.